மூவாயிரத்தில் நின்ற ஊசி

எங்கள் பெரிய தொரைக்குக் காது கேட்காது என்பதை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான் என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் கொழுந்து பறிக்கும் பெண்கள் எனக்கு முன்பே கண்டுபிடித்து, அதை அனுபவிக்கவும் தொடங்கியிருந்தார்கள்.

பெரகலையிலிருந்து கொஸ்லந்தைக்கு இறங்கும் வீதியை விட்டுப் பிரிந்து மேலே ஏறும் தோட்டம் அது. எழுபதுகளின் தொடக்கம். தோட்டங்கள் இன்னும் கொம்பனிகள் கையில் இருந்தன. நான் அங்கே டீமேக்கர். தொழிற்சாலைக்குள் வரும் பச்சைக் கொழுந்து தேயிலையாகிப் பெட்டியில் அடைபடும்வரை பொறுப்பு என்னுடையது. தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை உள்ளூர்க்காரர். கொழும்பில் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவர், வெள்ளைக்காரனைவிட நன்றாக வெள்ளைக்காரனாக இருந்தவர். பன்றி வேட்டைக்குப் போய்ப் போய்த் துப்பாக்கிச் சத்தத்தில் காது போயிற்று என்று நான் பிற்பாடு ஊகித்துக்கொண்டேன். ஒரேயடியாகப் போகவில்லை. ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. கடைசியில் எதுவும் மிஞ்சவில்லை.

எனக்கு அது தெரிந்தது ரோலர் அறையில். கொழுந்தை உருட்டும் இயந்திரங்கள் ஓடும்போது அங்கே யாரும் காதால் கேட்பதில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வோம், கையால் பதில் சொல்வோம். புதிதாக வருகிற எவனும் முதல் மாதம் முழுக்க "என்ன? என்ன?" என்று கத்திக்கொண்டு திரிவான். தொரை ஒருநாளும் "என்ன?" என்று கேட்டதில்லை. என் உதட்டை உற்றுப் பார்த்தபடி சரியாகப் பதில் சொல்வார். அவருக்கும் எனக்கும் ஆங்கிலத்தில்தான் பேச்சு. ஒருநாள் வெளியே, சத்தமே இல்லாத முற்றத்தில், நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டேன். பதில் வரவில்லை. மீண்டும் கேட்டேன். அவர் வானத்தைப் பார்த்து, மழை வரும் போலிருக்கிறது என்றார். நான் கேட்டது விறகைப் பற்றி.

ஆங்கில உதடு அவருக்குத் தெரியும். தமிழ் உதடு தெரியாது. தோட்டத் தமிழை அவர் இளவயதில் காதால் கற்றவர். காது போனதும் அதுவும் சேர்ந்து போய்விட்டது. மனப்பாடமாக நாலைந்து வாக்கியங்கள் மட்டும் நாக்கில் மிச்சம் இருந்தன.

இதை அவர் மறைத்த விதம் கொடுமையானது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அவர் எதிரே யாருடைய உதடு அசைந்தாலும் தம்மைத்தான் ஏசுகிறார்கள் என்று எடுத்துக்கொள்வார். கைத்தடியை நீட்டி, "அரைப்பேர்!" என்பார். அன்றைக்கு முழு நாள் வேலை செய்தாலும் அரை நாள் சம்பளம்தான். மாவுக்கும் அரிசிக்கும் மக்கள் அலைந்த காலம் அது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் வற்றாளைக் கிழங்கு அவித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். ஒருமுறை பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி பக்கத்தில் நின்றவளிடம் தண்ணீர் கேட்டாள். உதடு அசைந்தது. அரைப்பேர் கூட இல்லை, வாரம் முழுவதும் வேலையே இல்லை என்று திருப்பி அனுப்பினார். அந்தப் பிள்ளை பிறந்தது, தங்கவில்லை.

அவளுடைய தாய் எங்கள் மேல்மலைக் கொழுந்துக்காரிகளில் மூத்தவள். விதவை. அவள் நாக்கைக் கண்டு கங்காணிமாரே ஒதுங்கிப் போவார்கள். பிள்ளையைப் புதைத்த மறுவாரம், கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் தொரை முன்னால் வந்து, இரண்டு கையையும் கூப்பி, பல் தெரியச் சிரித்து, சந்தனம் பூசுகிற குரலில் சொன்னாள்:

"கும்புடுறேங்க தொர. இன்னுமா உசுரோட இருக்கீங்க? பொட்டிக்குப் பலக அறுத்து வச்சாச்சுங்க. நீங்க வந்து படுத்தாப் போதும்."

தொரை கூப்பிய கையைப் பார்த்தார், சிரிப்பைப் பார்த்தார். வேலைக்காரி தாழ்மையாக வணக்கம் சொல்கிறாள். "நல்லது, நல்லது. பிள்ளைங்க சொகமா?" என்றார். மனப்பாட வாக்கியங்களில் ஒன்று.

"சொகங்க. ஒங்க புண்ணியத்துல மண்ணுக்குள்ள சொகமா இருக்குங்க."

"ரொம்ப சந்தோஷம்" என்றார் தொரை.

கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த கணக்கப்பிள்ளை சிரிப்பை மறைக்கத் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அது ஒரு வழக்கமாயிற்று. கையைக் கூப்பிச் சிரித்தால் எதையும் சொல்லலாம். தினமும் ஒருத்தி புதிதாக ஒன்று சொல்வாள், தொரை நல்லது சொல்வார், சந்தோஷப்படுவார். பசியோடு மலையேறிய பெண்கள் அதற்காகவே மடுவத்துக்கு உற்சாகமாக வந்தார்கள்.

தொரைக்கு ஒரு கார் இருந்தது. ஆங்கிலேயர் செய்த, பந்தயத்துக்கு ஓடுகிற சாதிக் கார். சாரதி கிடையாது, தாமேதான் ஓட்டுவார். வேகம் காட்டும் முகப்புக்குப் பக்கத்தில் இன்னொரு வட்ட முகப்பு, ரெவ் கவுண்டர். எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று அதன் ஊசி காட்டும். காது கேட்கிறவனுக்கு அது ஓர் அலங்காரம்; எஞ்சின் முனகினால் கியரைக் குறைப்பான், அலறினால் கூட்டுவான். எங்கள் தொரை ஊசியைப் பார்த்துத்தான் கியர் மாற்றினார். மூவாயிரம் வந்தால் மேலே, ஆயிரத்து ஐந்நூறுக்கு இறங்கினால் கீழே. பெரகலையின் கொண்டை ஊசி வளைவுகளில் அவர் ஏறி வருவதைக் கேட்டவர்கள், இவரைப் போலக் கார் ஓட்ட ஆளில்லை என்பார்கள். அந்த ஊசிதான் அவருடைய காது.

அப்போது வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வரவில்லை. எஞ்சினில் தீப்பொறி உண்டாக்கும் பொயின்ட் என்ற சிறு துண்டு தேய்ந்தால் புதிது வாங்க இடமில்லை. பதுளையில் மோட்டார் உதிரிப்பாகக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர், கப்பற்காரன் யாரோ கொண்டுவந்த டிரான்சிஸ்டர் பெட்டி ஒன்றைத் தொரையின் காருக்குப் பூட்டினார். அதைப் பூட்டினால் பொயின்ட் தேயாது, எஞ்சின் இன்னும் நன்றாக ஓடும். இரண்டும் உண்மை. ஆனால் பெட்டி பூட்டிய அன்றே ஊசி பூச்சியத்தில் படுத்துவிட்டது.

அதன்பிறகு தொரை வண்டியில் வருவது தோட்டம் முழுக்கத் தெரிந்தது. இரண்டாம் கியரிலேயே எஞ்சினை அலறவிட்டு மலை முழுவதும் ஏறி வருவார். சில நாள் நான்காம் கியரில் ஏற்றத்தில் வந்து, கார் குலுங்கிக் குலுங்கி, பள்ளத்துப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நின்றுவிடும். மலையில் பெண்கள் கூடையோடு நின்று கேட்டுச் சிரிப்பார்கள். "ஆடு அறுக்குறாங்கடி" என்பாள் ஒருத்தி.

அந்த நேரத்தில்தான் வி.ஏ. வருவதாகச் செய்தி வந்தது. கொழும்பிலிருந்து கொம்பனி சார்பில் வந்து, தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, தொரையைப் பற்றி மேலிடத்துக்குச் சொல்கிற விசிட்டிங் ஏஜென்ட்தான் வி.ஏ. அவரைத் தொரை தம் காரில் மலைமலையாகக் கூட்டிப் போக வேண்டும் என்பது முறை. பக்கத்துத் தோட்டத்தில் கண் மங்கிப்போன ஒரு தொரையை இந்த வி.ஏ. ஒரே வருகையில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

தொரை என்னைத் தேடி ரோலர் அறைக்கே வந்தார். அங்கே நாங்கள் இருவரும் சமம்.

"அந்த ஊசி ஓட வேண்டும்" என்றார்.

"கார் நன்றாகத்தானே ஓடுகிறது, சார்" என்றேன். உதட்டை நன்றாக அசைத்துத்தான் சொன்னேன்.

என்னை நெடுநேரம் பார்த்தார். "உனக்குத் தெரியும்" என்றார். "இந்த வேலை போனால் பங்களாவும் போகும். நான் நடந்தால் எழுந்து நிற்க ஆளில்லாத வீட்டில் எனக்கு இருக்கத் தெரியாது."

மனிதர் தம் வாழ்க்கையில் சொன்ன ஒரே உண்மை அதுவாக இருக்கலாம். அதிலும் பிறர் எழுந்து நிற்க வேண்டியிருந்தது.

செய்தி எப்படியோ லயத்துக்குப் போய்விட்டது. மாலையில் பெரிய கங்காணி தொழிற்சாலை வாசலில் வந்து நின்றார். பின்னால் அந்த விதவை.

"டீமேக்கரய்யா, அந்த ஊசிய அப்பிடியே விட்டுருங்க" என்றார் கங்காணி. "வி.ஏ. தொர வந்து பாக்கட்டும். இந்தச் சனியன் தொலையட்டும்."

"தொலஞ்சா?" என்றாள் அவள். "நீ போயி தொர வேல பாப்பியா? இன்னொருத்தன்தான வருவான்."

"வரட்டுமே."

"அவனுக்குக் காது கேக்குமே, கங்காணி!" என்றாள். "இவன் போடுற அரைப்பேரத்தான் அவனும் போடுவான். இவன்கிட்ட வாயாவது மிச்சம் இருக்கு. எம் பேரப்புள்ளைக்கு நான் தெனம் திதி குடுக்குறது இவன் மூஞ்சிக்கு நேராத்தான். அய்யா, நீங்க ஊசிய ஓட விடுங்க. இந்தச் செவிடன் எங்களுக்கு வேணும்."

அதைவிடத் தெளிவான ஒரு தர்க்கத்தை நான் பள்ளிக்கூடத்திலும் கேட்டதில்லை. தொரையின் பரிதாபத்துக்காகச் செய்திருக்கமாட்டேன். இவளுடைய வெறுப்புக்காகச் செய்யலாம் என்று தோன்றியது.

எந்தப் பழுதுக்கும் ஒரு முறை உண்டு. கருவியைக் கழற்றுவதற்கு முன், கடைசியாக அதில் கை வைத்தவனிடம் பேச வேண்டும். பதுளைக்குப் போனேன்.

"நானா, பெட்டிய பூட்டுறப்போ ரெவ் கவுண்டர் கம்பிய என்ன செஞ்சீங்க?"

"எந்தக் கம்பி? பொறகால சும்மா ஒரு வளையம் சுத்திக் கெடந்திச்சே, அதுவா?" என்றார் நானா. "அது ஒண்டுலயும் ஒட்டல்லயே டீமேக்கர். வெள்ளக்காரன் கம்பி மிச்சம் எண்டு சுத்தி வெச்சிரிக்கான். நான் அத வுட்டுட்டு நேரா இழுத்தன்."

"அந்த வளையம்தான் நானா ஊசி."

"கார் ஓடுதா இல்லையா?"

"ஓடுது."

"பொறவு என்ன? ஊசியாலயா கார் ஓடுது?"

"இந்தக் கார் ஊசியாலதான் ஓடுது" என்றேன். அவருக்கு விளங்கவில்லை, நான் விளக்கவும் இல்லை.

விஷயம் இதுதான். அந்தக் காலத்து ரெவ் கவுண்டருக்குள் கம்பி நேரடியாகப் போய்ச் சேர்வதில்லை. தீப்பொறிச் சுருளுக்குப் போகிற கம்பி, வழியில் கருவியின் முதுகில் ஒரு வளையம் போட்டுவிட்டுப் போகும். அந்த வளையத்தில் மின்சாரம் விட்டு விட்டு ஓடுவதைக் கருவி தொடாமலே உணர்ந்து எண்ணும். நானா பெட்டிக்கும் சுருளுக்கும் புதுக் கம்பியை நேராக இழுத்துவிட்டார். வளையத்தில் எதுவும் ஓடவில்லை. எண்ண ஒன்றுமில்லாத ஊசி படுத்துக்கொண்டது.

சுருளுக்குப் போகும் மின்சாரத்தை மறுபடி வளையத்தின் வழியாகச் சுற்றிக் கொண்டுபோனேன். ஊசி அசையவில்லை. வளையத்தில் மின்சாரம் போகும் திசை தலைகீழ். மாற்றிச் சுற்றினேன். ஊசி உயிர்பெற்றது, ஆனால் பேய் பிடித்தது போல ஆடியது. பெட்டியின் துடிப்பு பழைய பொயின்டின் துடிப்பைவிடக் கூர்மையானது, ஒன்றை இரண்டாக எண்ணியது. கெட்டுப்போன வானொலி ஒன்றிலிருந்து சிறு கண்டென்சரைக் கழற்றிக் குறுக்கே போட்டதும் அடங்கியது.

அடங்கியது போதாது, அது சொல்வது உண்மையா என்று பார்க்க வேண்டும். தொழிற்சாலையில் மின்விசிறித் தண்டுகளின் வேகத்தை அளக்க ஒரு கை டாக்கோமீட்டர் இருந்தது. அதன் ரப்பர் முனையை ஒரு கம்பியில் நீட்டி, காரைக் கையால் சுற்றி ஸ்டார்ட் செய்யும் துளை வழியாக எஞ்சின் தண்டின் நுனியில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். தொரை உள்ளே உட்கார்ந்து மிதித்தார். ஊசி கூடக் காட்டியது. முகப்புக்குப் பின்னாலிருந்த சிறு திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, என் கருவி மூவாயிரம் காட்டும்போது அவருடையதும் மூவாயிரத்தில் நிற்கும்படி செய்தேன்.

ஊசியைப் பார்த்த தொரைக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கு நன்றி சொல்லவில்லை. முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவன் ஏதோ முணுமுணுத்ததைப் பார்த்து, "அரைப்பேர்!" என்றார். குணமாகிவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

வி.ஏ. பருத்த வெள்ளைக்காரர். இளமையில் கொஸ்லந்தைப் பக்கத்தில் சின்னத் தொரையாக இருந்தவர். அவருக்குத் தமிழ் தண்ணீர்பட்ட பாடு என்று பெரிய கங்காணி எங்கிருந்தோ அறிந்து வந்திருந்தார். முதல்நாள் மாலையே லயம் லயமாகப் போய்க் கட்டளை போட்டார்: "நாளைக்கி எவளும் வாயத் தொறக்கப்படாது. கையக் கூப்பிக்கிட்டுச் சும்மா நிக்கணும். தொர முன்னால ஒரு வார்த்த வந்துச்சு, நானே வெட்டிப் போட்டுருவேன்."

தொழிற்சாலை விவரம் சொல்ல என்னையும் காரில் ஏற்றினார்கள். நான் பின்னால், வி.ஏ. முன்னால், தொரை வண்டி ஓட்டினார். அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை. ஊசி ஏறுவதும், மூவாயிரத்தைத் தொடுவதும், கியர் விழுவதும் பட்டில் ஊசி போவதுபோல இருந்தது. பேச வேண்டியவற்றை வண்டியை நிறுத்தி, முகத்தைப் பார்த்துப் பேசினார். வி.ஏ. அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார். ஒருமுறை ஊசியைக் காட்டி, மலை ரோட்டில் இந்த மாதிரி நிதானம் அபூர்வம் என்று பாராட்டினார்.

மேல்மலைக் கொழுந்து மடுவத்தில் இறங்கினோம். பெண்கள் வரிசையாகக் கூடையோடு நின்றார்கள். எல்லாக் கைகளும் கூப்பியிருந்தன. எல்லா முகத்திலும் சிரிப்பு. எல்லா வாய்களும் மூடியிருந்தன. கங்காணியின் கட்டளைக்கு அன்றைக்குத்தான் முதன்முறையாக அவர்கள் முழுமையாகப் பணிந்தார்கள். தங்கள் செவிடனைக் காப்பாற்றுவதற்காக.

மடுவத்துக்குள் இருட்டு, தொரைக்கு வெயில் கண்ணை நிறைத்திருந்தது. அவர் எப்போதும் போலக் கூப்பிய கைகளைத்தான் பார்த்தார். தம் மக்களோடு தமக்குள்ள உறவை வி.ஏ.க்குக் காட்டவும் ஆசை. விதவையின் முன்னால் போய் நின்றார்.

அவள் கையைக் கூப்பினாள். சத்தமில்லை.

"நல்லது, நல்லது" என்றார் தொரை.

சத்தமில்லை. ஈ பறக்கிற ஓசை கேட்டது.

"பிள்ளைங்க சொகமா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கங்காணியைப் பார்த்தாள். கங்காணி தரையைப் பார்த்தார். ஒருவராவது "சொகங்க" என்று சொல்லியிருந்தால் போதும். வாயைத் திறக்காதே என்று சொன்னவருக்கு, வணக்கம் மட்டும் சொல்லலாம் என்று சொல்லத் தோன்றவில்லை. அந்தத் தோட்டத்தில் அதற்கு முன் யாரும் அந்த மனிதருக்கு வெறும் வணக்கம் சொல்லியிருந்தால்தானே தோன்றும்.

தொரை தலையை ஆட்டி, வராத பதிலை முழுவதும் கேட்டுமுடித்தார். பிறகு மனமாரச் சிரித்து, "ரொம்ப சந்தோஷம்" என்றார்.

வி.ஏ. தம் தொப்பியைக் கழற்றி, உள்ளே ஏதோ இருப்பதுபோல் பார்த்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டார்.

திரும்பும்போது, முழங்கால் வலிக்கிறது, நீட்டிக்கொள்ள வேண்டும் என்று சைகை காட்டிப் பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கார் ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தது. சாதாரணக் குரலில், "வண்டியை நிறுத்துங்கள்" என்றார். கார் போயிற்று. கொஞ்சம் உரக்க, "நிறுத்துங்கள், டயரில் காற்றுப் போகிறது" என்றார். ஊசி மூவாயிரத்தைத் தொட்டது, கியர் அழகாக மாறியது. அப்புறம் அவர் தொரையின் பிடரியைப் பார்த்தபடி, நிதானமாக, தமிழில், நான் இங்கே எழுத முடியாத ஒன்றைச் சொன்னார். கொஸ்லந்தையில் நன்றாகத்தான் கற்றிருந்தார். தொரையின் பிடரி அசையவில்லை.

வி.ஏ. என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். "ரெவ் கவுண்டர் மிகத் துல்லியமாக வேலை செய்கிறது" என்றார். "யார் சரிசெய்தது?"

"நான்தான், சார்."

"நல்ல வேலை" என்று என் தொடையில் தட்டினார்.

அடுத்த மாதத்துக்குள் தொரைக்கு ஓய்வு வந்தது. புதுத் தொரை பொறுப்பேற்க வந்துவிட்டார். இளைஞர், கண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர். பழையவர் புறப்படும் காலையில் காரைத் தொழிற்சாலை வாசலில் நிறுத்தி என்னை அழைத்தார்.

"அன்றைக்கு அந்தக் கிழவி வி.ஏ.யிடம் என்னைப் பற்றி என்ன சொன்னாள்?"

உதட்டைத் தெளிவாக அசைத்தேன். "ஒன்றும் சொல்லவில்லை, சார்."

"நீயும் பொய் சொல்கிறாய்" என்றார். எஞ்சினை முடுக்கி, ஊசியைப் பார்த்து, கிளம்பினார்.

வீதியோரம் மேல்மலைப் பெண்கள் நின்றார்கள். கங்காணியின் தடை முடிந்துவிட்டது. விதவை முன்னால் வந்து கையைக் கூப்பினாள். கார் மெதுவாகிற வளைவு அது.

"போய்ட்டு வாங்க தொர! போற எடத்துல ஒரு வாய்த் தண்ணி குடுக்க நாதியில்லாமப் போகணும், எம் மக கேட்டு நின்ன மாதிரி!"

ஜன்னலுக்கு வெளியே ஒரு கை வந்து அசைந்தது. "நல்லது, நல்லது."

பெண்கள் கூடை குலுங்கச் சிரித்தார்கள். கார் ஒவ்வொரு வளைவிலும் சரியாகக் கியர் மாற்றிக்கொண்டு பெரகலைப் பக்கம் போயிற்று.

தொழிற்சாலைப் படியில் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த புதுத் தொரை சிரிக்கவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கடைசிச் சொல்வரை கேட்டார். பிறகு பெரிய கங்காணியின் பக்கம் திரும்பி, சுத்தமான தோட்டத் தமிழில் கேட்டார்:

"அந்தக் கெழவி எந்த மல? பேரு என்ன?"

கங்காணி பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார்.